காயில் அண்ணனை விட்டுக்கொடுத்த கதை

பட்டறைத் தெருவில் வந்து "காயில் எங்கே?" என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து மேஜையில் போட்டதும் அவன் கண்ணால் பார்க்கமாட்டான். முதலில் மூக்கைக் கிட்டே கொண்டுபோவான். கருகிய வார்னிஷ் வாசம் வந்தால் போதும், "காயில் போச்சு, நாளன்னிக்கு வாங்க" என்பான். பழைய கம்பிச் சுற்றை வெட்டியெடுத்து, புதுத் தாமிரக் கம்பியைச் சுற்றி, ஒவ்வொரு பள்ளத்திலும் காகிதம் வைத்து இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பான். அந்தத் தொழிலே அவனுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. சின்னவர்கள் காயில் அண்ணன் என்றார்கள், பெரியவர்கள் வெறும் காயில் என்றார்கள். வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பெண்பிள்ளைப் பெயர். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அவன் பிறந்தபோது பெண் குழந்தை என்றுதான் ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். அவன் மட்டும் அதை ஒருநாளும் நம்பவில்லை. வளர்ந்தபிறகு வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அம்மா வாசல்வரை வந்தாள். போ என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. முடியை வெட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத ஊரில் ஒரு வைண்டிங் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தான். தொழில் கைக்கு வந்தது. குரல் மட்டும் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது, அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

பிற்பாடு அவனுக்கு அக்காவாகிவிட்டவரை அவன் முதன்முதலில் பார்த்தது ஒரு ஆஸ்பத்திரி வரிசையில். காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. ஆண்கள் வரிசையில் நின்றவனைக் காவலாளி வெளியே இழுத்தார். "சீட்டுல பொம்பளைப் பேரு, நிக்கிறது ஆம்பளை லைன்ல. என்ன நாடகமா?" பெண்கள் வரிசையில் போய் நின்றான். அங்கே இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். நடுவழியில் நின்றவனைப் பார்த்து எல்லோரும் சிரிக்கத் தொடங்கியபோது, பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது.

"ஏம்ப்பா, காய்ச்சலுக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா? தம்பி, நீ இங்க வாடா. அக்காவுக்கு முன்னாடி நில்லு."

உயரமான பெண், பெரிய மூக்குக்கண்ணாடி. திருநங்கை என்று பார்த்ததும் தெரிந்தது. காவலாளி ஒதுங்கி வழிவிட்டார். காயில் மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். அதுவரை யாரும் அவனைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

அக்கா ஒரு காலத்தில் ஓட்டலில் பாத்திரம் கழுவியவர். இப்போது திருநர் சங்கம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். கீழே சங்கம், மாடியில் போக்கிடம் இல்லாத வயதான திருநங்கைகள். எந்த அதிகாரியைத் திட்டினால் வேலை நடக்கும், எவரைப் புகழ்ந்தால் நடக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. காயிலுக்குத் தனிக்கடை பிடிக்க அவர்தான் துணைக்கு வந்தார். இரும்புக்கடைக்காரரின் இடம் அது. "என் தம்பி, தங்கமான பையன்" என்று சொல்லி வாங்கிக் கொடுத்தார்.

பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பி என்று சங்கத்தில் அவன் ஒருவன்தான் இருந்தான். கொஞ்ச நாளில் கூரியர் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான், பிறகு இன்னும் சிலர். தங்களைச் சட்டம் அங்கீகரிக்க வேண்டும், தாங்கள் யார் என்று சொல்லும் உரிமை தங்களுக்கே வேண்டும் என்று சங்கம் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கூட்டத்தில் பேச வேண்டியவர் வரவில்லை. அக்கா மைக்கைப் பிடித்து அவன் கையில் திணித்தார்.

"எனக்குப் பேச வராது அக்கா."

"கடையில பேசுற மாதிரியே பேசுடா."

அவன் பேசினான். "மோட்டார் மேல எந்தக் கம்பெனி பேரு வேணா எழுதியிருக்கட்டும். ஓட வைக்கிறது உள்ள இருக்கிற சுத்துதாங்க. நான் பல மோட்டாரைப் பிரிச்சவன். மேல ஒட்டுன பேரைப் பார்த்து ஓடுன மோட்டாரை நான் பார்த்ததில்லை." கூட்டம் சிரித்தது, பிறகு கை தட்டியது. கரகரத்த அந்தக் குரலை மறைத்து வைத்தே பழகியவனுக்கு, அதற்குக் கை தட்டுகிறார்கள் என்பது தலைகால் புரியாத சந்தோஷமாக இருந்தது. அன்றிலிருந்து சங்கக் கூட்டம் என்றால் காயில் பேச்சு கட்டாயம். "மோட்டார் கதையைச் சொல்லு" என்று அக்காவே எடுத்துக்கொடுப்பார்.

இதற்கிடையில் அவன் வாழ்க்கையில் ஒருத்தி வந்தாள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். அங்கே ஒரு கருவியின் மோட்டார் நின்றுபோக, பார்க்கப் போனவனுடைய விரல் வெட்டுக்கு மருந்து போட்டு அனுப்பியவள். எல்லாம் தெரிந்துதான் அவனோடு வந்தாள். இரண்டு பேரும் மாடி அறை ஒன்றில் வாழ்ந்தார்கள். அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவர் சண்டை போடவில்லை, ஆனால் வாசலிலேயே நிறுத்தினார்.

"நான் கெட்டவன் இல்லப்பா. நாளைக்கு என் பொண்ணுக்கு ஒண்ணுன்னா, நீ அவளுக்கு யாருன்னு ஆஸ்பத்திரியில கேப்பான். பதில் சொல்ற மாதிரி கவர்மெண்டு காகிதம் ஒண்ணு கொண்டா. அப்புறம் படியேறு."

அவர் சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க அவனால் முடியவில்லை. சட்டம் வந்தால் காகிதம் வரும், காகிதம் வந்தால் கல்யாணத்தைப் பதிவு செய்யலாம். அதற்குப் பிறகுதான் அவன் இன்னும் மும்முரமாகக் கூட்டங்களுக்குப் போனான்.

மழைக்காலம் முடிந்ததும் சட்டசபை முன்னால் பெரிய பேரணி நடந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். காயில் அதுவரை முகம் காட்டியதில்லை. படம் எடுத்தால் திரும்பிக்கொள்வான். அக்காதான் தோளில் கை போட்டுச் சொன்னார்: "இந்த ஒரு தடவை முகத்தைக் காட்டிப் பேசுடா. உன்னை மாதிரி ஒருத்தன் இருக்கான்னு பார்த்தாத்தான் நம்புவாங்க. உனக்காகவும் சேர்த்துத்தானே இந்தச் சட்டம்?"

அவன் பேசினான். அன்று சாயங்காலம் வீடு வீடாக அந்த முகம் தெரிந்தது. கீழே "பெண்ணாகப் பிறந்தவர்" என்று எழுத்தும் ஓடியது.

மறுநாள் இரும்புக்கடைக்காரர் வந்தார். வழக்கமாக வந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறவர், நின்றுகொண்டே பேசினார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல, தம்பி... இல்ல, எப்படிக் கூப்பிடறதுன்னே தெரியலை. மத்தவங்க பேசுறாங்க. இடத்தைக் காலி பண்ணிக் கொடுத்துடு."

"இத்தனை வருஷம் தம்பின்னுதானே கூப்பிட்டீங்க?"

"அப்ப தெரியாதே."

அவன் மேஜையையும் கம்பிச் சுருள்களையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, தெருக்கடைசியில் சாக்கடை ஓரமாக இருந்த தகரக் கொட்டகைக்குப் போனான். வெயிலில் வார்னிஷ் தானாகவே காயும், அவனும் சேர்ந்து காய்வான். அக்கா வந்து பார்த்துக் கண்கலங்கினார். "சட்டம் வரட்டும்டா. இதே கடைக்காரன் உன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவான்" என்றார். அவன் அதை முழுசாக நம்பினான்.

சட்டம் நிறைவேறியது. செய்தி வந்த அன்று சங்கத்தில் இடம் போதாமல் படிக்கட்டிலெல்லாம் ஆட்கள். மாடியிலிருந்த வயதானவர்கள்கூட ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். சங்கத்தின் வக்கீல் அம்மா ஒவ்வொரு வரியாக வாசித்து விளக்கினார். யார் யார் திருநர் என்ற இடம் வந்தது. காயில் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தான். ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிறவர்கள் என்று வாசித்தார். அடுத்து உதவித்தொகை பற்றிய பகுதிக்குப் போய்விட்டார்.

காயில் கையைத் தூக்கினான். "மேடம், நடுவுல ஒரு பக்கம் விட்டுட்டீங்க போல."

வக்கீல் அம்மா காகிதத்தைப் புரட்டவில்லை. தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு பார்வையிலேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பக்கம் ஒன்றும் விட்டுப்போகவில்லை. அவனை விட்டுவிட்டார்கள். அதுவும் அக்காவுக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது.

கூட்டம் கலைந்தபிறகு சமையலறைக்குப் போனான். அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவன் வருவான் என்று எதிர்பார்த்தவர்போல, நிமிராமலே ஆரம்பித்தார்.

"என்னால முடிஞ்சவரைக்கும் பேசினேன்டா. பொம்பளையாப் பிறந்தவங்களை இதுல சேர்த்தா எதிர்ப்பு வரும், மொத்தச் சட்டமும் கவுந்துடும்னு அரசாங்கத்துல சொல்லிட்டாங்க. ஒண்ணு இது, இல்லேன்னா ஒண்ணுமே இல்ல. நான் என்ன பண்ணுவேன், சொல்லு. முதல்ல கதவைத் திறக்கட்டும்னு நெனச்சேன். உள்ள போயிட்டு உங்களைக் கூப்பிட்டுக்கலாம்னு..."

"எப்ப ஒத்துக்கிட்டீங்க?"

கத்தி நின்றது.

"அக்கா, எப்பன்னு கேட்டேன்."

"மழைக்கு முன்னாடி."

அவன் மனதில் மழையும் பேரணியும் வரிசையாக வந்து நின்றன. பேரணி மழை விட்டபிறகு நடந்தது. "உனக்காகவும் சேர்த்துத்தானே" என்று தோளில் கை போட்டது, அதற்கெல்லாம் பிறகு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வந்து பேசியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்" என்றார் அக்கா. சொன்னபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. முகம் வெளுத்துப்போனது.  அடுப்பில் எதுவோ பொங்கி வழிந்தது. அவன் எட்டி அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தான். கதவு, கதவு என்றார்களே, அந்தக் கதவைத் திறக்க முட்டிய தலை யாருடையது என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு போனான்.

பாராட்டு விழா நடந்தது. அக்கா பூங்கொத்து வாங்குவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். காயில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். கொட்டகை பூட்டிக்கிடந்தது. சாப்பிடு என்றால் சாப்பிட்டான், எழுந்திரு என்றால் எழுந்தான். பரிசோதனைக் கூடத்துக்குக் கிளம்பும்போது ஒருநாள் அவள் சொன்னாள்: "என்கிட்டயாவது திட்டித் தீத்துடேன். எல்லாத்தையும் உள்ளயே வச்சு எரிஞ்சுபோயிடாத."

"திட்ட வரமாட்டேங்குது. அரசாங்கம் பண்ணியிருந்தா திட்டிடுவேன். அக்கா அந்த வரிசையில என்னைக் கூப்பிட்டு முன்னாடி நிறுத்தினவங்க."

எதிரிகள் செய்ததை அவனால் தாங்க முடியும். அதற்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். இதற்குப் பழக்கம் இல்லை. நினைக்க நினைக்க அக்காவின் ஒவ்வொரு பாசமும் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. அதுதான் அவனை அரித்தது. எது நிஜம், எது தேவைக்கு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அப்படியிருக்கும்போது ஒரு காலையில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தவர் கண்டக்டர் மாமனார். அவர் அந்த அறைக்கு வந்ததே இல்லை. மூச்சு வாங்க உட்கார்ந்து, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, யாரையோ அடிக்க வந்தவர் மாதிரி பேசினார்.

"பேப்பர்ல படிச்சேன். உன் பேச்சை வச்சுக் கூட்டம் சேத்துட்டு, உன்னையே வெளிய நிறுத்திட்டாங்களாமே?"

அவன் எழுந்து பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தான்.

"எங்க ஸ்டிரைக்குல அச்சு அசலா இதேதான். அப்ப நான் தற்காலிகம். முன்னாடி நின்னு உதை வாங்கினதெல்லாம் தற்காலிகக்காரன். கையெழுத்து ஆச்சு பாரு, நிரந்தரமானவனுக்கு மட்டும் எல்லாம். தலைவர் வந்து என் தோளைத் தட்டிட்டு, அடுத்த பேச்சுவார்த்தையில பாத்துக்கலாம்னாரு. அந்த மனுஷன் செத்தப்பகூட நான் போகலை." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காகிதம் கிடக்கட்டும். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சாப்பிட வாங்க."

அவள் சமையல் தடுப்புக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஞாயிற்றுக்கிழமை போனார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, இது யார் என்று விசாரித்தார். மாமனார் ஒரு நொடி தடுமாறி, "மோட்டார் வேலை பாக்கிறவரு, தெரிஞ்சவரு" என்றார். 

கொட்டகையை மறுபடி திறந்தான். கூரியர் பையனும் மற்ற திருநம்பிகளும் வேலை முடிந்து அங்கே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். சங்கம் என்று பெயர்ப்பலகை வைக்கவில்லை. பலகை மாட்ட அந்தத் தகரத்தில் ஆணி நிற்காது. வழக்குப் போடலாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். புதிதாக ஒரு வக்கீல் கிடைத்தார். காயில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான்.

"உள்ள என்ன பேசினாலும் அன்னிக்கே இங்க வந்து சொல்லணும் சார். கெட்ட செய்தின்னாலும் எங்க முகத்தைப் பாத்துச் சொல்லணும்."

முதல் நாள் விசாரணையிலேயே அரசு வக்கீல் எழுந்து, "இந்த வரையறையைத் திருநர் சங்கத் தலைவியே ஏற்றுக்கொண்டிருக்கிறார்" என்றார். காயில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். முதல் அடியின் வீக்கமே வற்றியிருக்கவில்லை, அதே இடத்தில் இன்னொன்று. நெருக்கடியில்தான் ஒத்துக்கொண்டேன் என்று அக்கா ஒரு வாக்குமூலம் கொடுத்தால் போதும் என்றார் அவர்களுடைய வக்கீல். கூரியர் பையன் போய்க் கேட்டுப் பார்த்தான். தொங்கிய முகத்தோடு வந்தான்.

"மாடியில இருக்கிற கிழவிங்களுக்கு இப்பதான் மாசாமாசம் உதவித்தொகை வருதாம். அக்கா வாயைத் திறந்தா அதை நிறுத்திடுவாங்களாம். உங்களைக் கேட்டாங்க அண்ணே. நல்லா இருக்கானான்னு."

"என்ன சொன்னே?"

"கொட்டகையில இருக்காருன்னு சொன்னேன்."

வழக்கு இழுத்தது. வாய்தா மேல் வாய்தா. ஒரு வழியாக, ஏன் இவர்களை விட்டீர்கள் என்று நீதிபதி குடைந்து கேட்க, தோற்றுப் பேர் கெடுவதைவிடத் தானே திருத்திவிடலாம் என்று அரசாங்கம் திருநம்பிகளுக்கும் சேர்த்துச் சட்டத்தில் ஒரு வரியை எழுதியது. அன்று தொலைக்காட்சியில் வந்து கருத்துச் சொன்னது அக்கா. "இது எங்களுடைய நீண்டநாள் கோரிக்கை" என்றார். கொட்டகையில் இருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். காயில் ஸ்டூலிலிருந்து விழப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தான். சிரித்து முடித்ததும் எழுந்து வெளியே போய்ச் சாக்கடை ஓரமாக வெகுநேரம் நின்றான்.

காகிதம் வந்தது. பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட மாமனார் சலவைச் சட்டையில் வந்தார். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று குமாஸ்தா கேட்டார். "பொண்ணுக்கு அப்பன், மாப்பிள்ளைக்கு மாமனார்" என்று அடுத்த மேஜைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். வெளியே வந்ததும் அவள் மெல்லக் கேட்டாள்: "அக்காவுக்கு ஒரு போனாவது பண்ணுவமா?" அவன் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. சந்தோஷமான நாள்தான் அது. ஆனால் அந்த நாளை முதலில் யாரிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பானோ, அந்த ஆள் இல்லாமல் அது நடந்தது.

அடுத்த கோடையில், சங்கத்தில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோயிற்று என்றும், வயதானவர்கள் வாளி வாளியாக மாடிக்குத் தூக்குகிறார்கள் என்றும் கூரியர் பையன் வந்து சொன்னான். காயில் கேட்காத மாதிரி வேலை பார்த்தான். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டினான். மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவந்து, கொட்டகையில் வைத்துக் கம்பி சுற்றி, காய்ந்ததும் தூக்கிப்போய் மாட்டினான்.

மாடியிலிருந்து ஒரு கிழவி, நேற்றுத்தான் பார்த்த மாதிரி, "தம்பி வந்துட்டான்டி, தலை நரைச்சுப்போச்சு பாரு" என்று கூவினார். அக்கா பக்கத்தில் நின்றார். இளைத்திருந்தார்.

"கல்யாணம் பதிவு ஆயிடுச்சாமே. கேள்விப்பட்டேன்."

"ஆமா."

"என்மேல கோபம் போகலையா?"

"போகலை" என்றான், நட்டை முறுக்கிக்கொண்டே.

"போகுமா?"

அவன் யோசித்துப் பார்த்தான். மேலே தண்ணீர் இல்லாமல் கிடந்த இந்தக் கிழவிகளுக்கு மாதாமாதம் பணம் வருவது பொய்யில்லை. தன்னைத் தெரிந்தே மேடையில் ஏற்றியதும் பொய்யில்லை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை.

"தெரியலை. சுவிட்சைப் போடுங்க."

மோட்டார் சத்தமில்லாமல் ஓடியது. குழாய் அதிர்ந்து, மேலே தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது.

"உக்காரு, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ."

"வேலை இருக்கு."

அன்று அவனுக்கு வேறு வேலை எதுவும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு வாசற்படி இறங்கி நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனை வரும்வரை பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்கவே இல்லை.